டூலா: பிரசவத் துணையாளர்

பிரசவ வேளையிலும் அடுத்த சில வாரங்களிலும் தாய்க்குத் துணையிருப்பதைத் தொழிலாகக் கொண்டவர் டூலா. பிள்ளையை எடுப்பதும் மருந்து கொடுப்பதும் அவர் வேலையல்ல.

கேரளத்து வயற்றாட்டியும் தமிழகத்து மருத்துவச்சியும் பிள்ளையும் எடுத்தார்கள், துணையும் இருந்தார்கள். பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் முதல் வேலை டாக்டரிடம் சேர்ந்தது; இரண்டாவதற்கு ஆளில்லாமல் போயிற்று. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன என்பது உண்மை. ஆனால் வலியெடுத்தவள் லேபர் வார்டில் தனியே கிடந்தாள்.

அந்தத் தனிமை எவ்வளவு கொடியது என்பதைக் குவாத்தமாலாவில் அளந்து பார்த்தார்கள். மருத்துவர்கள் ஜான் கென்னல், மார்ஷல் கிளவுஸ் குழுவினர் 1980இல் வெளியிட்ட ஆய்வு அது. சிக்கலில்லாத தலைப்பிரசவங்களில், துணைப்பெண் உடனிருந்தவர்களுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததிலிருந்து பிள்ளை பிறக்கச் சராசரியாக 8.8 மணி நேரம் ஆயிற்று, தனித்திருந்தவர்களுக்கு 19.3 மணி. உடனிருந்தவள் முன்பின் தெரியாத, பயிற்சியும் பெறாத பெண். கையைப் பிடித்தாள், முதுகை நீவினாள், பேசிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். சிறிய ஆய்வுதான், ஆனால் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2017இல் தொகுத்த, 15,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. சிசேரியனும் குறைந்தது.

1992இல் அமெரிக்காவில் தோன்றிய டோனா அமைப்பு டூலாப் பயிற்சிக்கு ஒழுங்கு வகுத்தது: பயிலரங்கு, வாசிப்பு, தாய்ப்பால் பாடம், பிரசவங்களில் நேரடித் துணை, பிறகு சான்றிதழ். வலி வரும்போது இடுப்பெலும்பின் மேல் உள்ளங்கையை ஊன்றி அழுத்துவது போன்ற கைவேலைகளையும் அங்கே கற்கிறார்கள். இந்தியாவில் இத்தொழிலுக்குச் சட்டப்பூர்வப் பதிவு இல்லை. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே டூலா கிடைக்கிறார். அதனால்தான், அரசு மருத்துவமனைப் பிரசவ அறைக்குள் உறவுக்காரப் பெண் ஒருவரை அனுமதிக்கும் தமிழகத்தின் 2004ஆம் ஆண்டுத் திட்டம் பெரிய காரியமாகப் படுகிறது.

பிரசவத்துக்குப் பிந்தைய பழைய பராமரிப்பு முறை கேரளத்தின் கொச்சியில் இன்றும் உயிரோடிருக்கிறது. அங்கே தேவராவிலும் மட்டாஞ்சேரியிலும் தன்வந்தரம் குழம்பு என்னும் மருந்தெண்ணெய் தேய்த்து, இலைகள் போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் தாயைக் குளிப்பாட்டி, வயிற்றைத் துணியால் இறுக்கிக் கட்டுவார்கள். குளிப்பாட்ட வரும் அம்மாக்களின் கைப்பக்குவம் எந்தப் பயிலரங்கிலும் கிடைக்காது. ஆனால் தாய் குடிக்கும் தண்ணீரைக் குறைப்பது, பிள்ளைக்குச் சீம்பாலுக்கு முன் சர்க்கரைத் தண்ணீர் புகட்டுவது போன்ற பழைய பழக்கங்களைப் பயிற்சி பெற்ற டூலா தடுத்தாக வேண்டும். தாயிடம் காய்ச்சல், மிகுந்த உதிரப்போக்கு, இரண்டு வாரம் தாண்டியும் விடாத அழுகை ஆகியவற்றில் எதைக் கண்டாலும், லேகியத்தை நம்பிக் காத்திருக்காமல் டாக்டரிடம் அனுப்புவதும் அவர் பொறுப்பே.