கணினிக்கு மறதி வந்த வரலாறு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கடைகளில் கணினி நுழைந்த காலத்திலிருந்தே ஒரு தொல்லையும் கூடவே இருந்து வருகிறது. காலையில் ஸ்விட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் 'சிமாஸ் செக்சம் எரர்' என்று வந்து நிற்கும். எஃப் 1 விசையை அமுக்கினால்தான் மேற்கொண்டு நகரும். உள்ளே போய்ப் பார்த்தால் தேதி பல வருடம் பின்னால் போயிருக்கும். எல்லாவற்றையும் திருத்திச் சேமித்து வைத்தாலும் மறுநாள் காலையில் பழைய கதைதான்.

'போர்டு போச்சு' என்று யாராவது சொன்னால் கடைக்காரருக்குப் பல ஆயிரம் செலவு. உண்மையில் போனது பெரும்பாலும் ஒரு சிறு பேட்டரியாக இருக்கும். நாணயம் போன்ற அந்தப் பேட்டரி மதர்போர்டுக்குள் வந்தது எப்படி? இதற்கு ஒரு நல்ல வரலாறு உண்டு.

நினைவே இல்லாத காலம்

'பயாஸ்' என்ற பெயரை 1970களின் நடுவில் கேரி கில்டால் தன்னுடைய சி.பி/எம். இயங்குதளத்தில் பயன்படுத்தினார். கணினியை எழுப்பிவிடும் அடிப்படை நிரல் அது. 1981 ஆகஸ்டில் ஐ.பி.எம். தன் முதல் பி.சி.யை வெளியிட்டபோது பயாஸ் அழியாத சிப்பில் பதிக்கப்பட்டிருந்தது. ஆனால் அமைப்புகளைச் சேமிக்க இடம் கிடையாது. எத்தனை ஃபிளாப்பி டிரைவ், எவ்வளவு மெமரி, எந்த வகைத் திரை என்பதையெல்லாம் மதர்போர்டில் இருந்த குட்டி ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளித்தான் சொல்ல வேண்டும். கடிகாரமும் ஓடாது. ஒவ்வொரு முறையும் தேதி, நேரத்தை ஆளே தட்டச்சு செய்ய வேண்டும். சும்மா விட்டால் டாஸ் 1980 ஜனவரி 1 என்று எடுத்துக்கொள்ளும்.

அந்த முறையில் ஒரு நன்மை இருந்தது. ஸ்விட்சுக்கு மறதி கிடையாது. கரண்ட் போனாலும் வைத்த இடத்தில்தான் இருக்கும்.

50 பைட் நினைவு

1984 ஆகஸ்டில் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியில்தான் எல்லாம் மாறியது. மோட்டரோலா நிறுவனத்தின் எம்.சி. 146818 என்ற கடிகாரச் சிப்பை அதில் வைத்தார்கள். சிப்பில் மொத்தம் 64 பைட் இடம். அதில் 14 பைட் கடிகார வேலைக்கு. மீதி 50 பைட்டில் ஹார்டு டிஸ்க் வகை, மெமரி அளவு போன்ற அமைப்புகளை எழுதினார்கள். இது சிமாஸ் தொழில்நுட்பத்தில் செய்த சிப் என்பதால் மிகக் குறைந்த மின்சாரம் போதும். அதனால்தான் 'சிமாஸ் செட்டிங்' என்ற பெயர் வந்தது.

ஆனால் மின்சாரம் அறவே நின்றால் 50 பைட்டும் அழிந்துவிடும். கண்மாயில் தண்ணீர் இருக்கும் வரை வயல் பச்சை என்பது போலத்தான் இதுவும். இந்தச் சிப்புக்குக் கண்மாய் பேட்டரி.

எழுதி வைத்தது கெட்டுவிட்டதா என்று கணினிக்கு எப்படித் தெரியும்? வணிகவியல் படிப்பவர்களுக்கு இது எளிதில் புரியும். பேரேட்டின் அடியில் கூட்டுத்தொகை எழுதுகிறோம் அல்லவா? அதே போல அமைப்புகளைச் சேமிக்கும்போது எண்களையெல்லாம் கூட்டி, அந்தத் தொகையையும் சிப்பிலேயே எழுதிவிடுவார்கள். கணினி எழும்போது மறுபடி கூட்டிப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் 'செக்சம் எரர்' என்று சொல்லிவிட்டு, தொழிற்சாலையில் வைத்த அமைப்புகளை எடுத்துக்கொள்ளும். அதாவது அந்தச் செய்தி வருவது கணினி தன் கணக்கைச் சரிபார்க்கிறது என்பதற்கு அடையாளம்.

பேட்டரியின் பரிணாமம்

முதலில் வந்த ஏ.டி.யில் பேட்டரி ஒரு கட்டாகத் தனியே இருந்தது. அதன்பின் சில வருடங்கள் நிக்கல் காட்மியம் பேட்டரிகளை போர்டிலேயே பற்றவைத்தார்கள். கணினி ஓடும்போது தானாக சார்ஜ் ஆகும் என்பது வசதி. ஆனால் வயதானால் அவை கசியும். கசிந்த காரம் செம்புத் தடங்களை அரித்து போர்டையே கொன்றுவிடும். வேறு சிலர் பேட்டரியையும் கடிகாரத்தையும் ஒரே சிப்புக்குள் மூடி வைத்தார்கள். டல்லஸ் நிறுவனத்தின் டி.எஸ். 1287 இந்த வகை. பத்து வருடம் வரும் என்றார்கள். தீர்ந்தால் சிப்பையே மாற்ற வேண்டும்.

கடைசியில் நிலைத்தது சி.ஆர். 2032. அதன் எண்ணிலேயே அளவு இருக்கிறது: விட்டம் 20 மில்லிமீட்டர், தடிமன் 3.2 மில்லிமீட்டர். லித்தியம் வகை, 3 வோல்ட், கொள்ளளவு சுமார் 220 மில்லி ஆம்பியர் மணி. சிப் 5 மைக்ரோ ஆம்பியர் எடுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 44,000 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 5 வருடம் தாங்கும்.

கரண்ட் கட்டும் கரிசல் பூமியும்

இந்த 5 வருடக் கணக்கு பேட்டரி இடைவிடாமல் உழைத்தால் வருவது. 1995-ல் வந்த ஏ.டி.எக்ஸ். வகை பவர் சப்ளையில், கணினியை அணைத்தாலும் சுவரில் மின்சாரம் இருக்கும் வரை 5 வோல்ட் உள்ளே வந்துகொண்டே இருக்கும். கடிகாரம் அதில் ஓடும், பேட்டரி ஓய்வெடுக்கும். ஆகவே 24 மணி நேரமும் மின்சாரம் உள்ள ஊரில் பேட்டரிக்கு ஆயுள் அதிகம்.

தென் தமிழ்நாட்டில் நிலைமை வேறு. 2008 முதல் அறிவிக்கப்பட்ட மின்வெட்டு வந்தது. 2012-ல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லை. விசைத்தறிகளை நம்பிய அருப்புக்கோட்டை போன்ற ஊர்களுக்கு அது கொடுமையான காலம். தறியின் ஓசை நின்றதை ஊரே கவனித்தது. தறிக்காரரின் கணக்கு எழுதும் கணினியில் நாணயப் பேட்டரி கரைந்துகொண்டிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மின்னலுக்கும் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கும் பயந்து இரவில் மெயினையே அணைத்துவிட்டுப் போவதும் கடைகளில் வழக்கம். அப்போதும் பேட்டரிதான் உழைக்கும். போதாதற்கு வெயில். சூடு கூடக் கூட பேட்டரி சும்மா இருந்தாலே வேகமாகக் குறையும். கருவேலங்காட்டுப் புழுதியும் ஈரமும் சேர்ந்தால் பேட்டரியைப் பிடித்திருக்கும் தகட்டில் களிம்பு ஏறும்.

திருச்சுழியை அடுத்த கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. மின்சாரம் கேட்டுத் தவித்த வறண்ட பூமி அதே வெயிலை வைத்து மின்சாரம் செய்யத் தொடங்கியது.

தேதி தவறினால் நஷ்டம் பெரிது. தமிழ்நாட்டில் 2007 ஜனவரி 1 முதல் வாட் வரி வந்தது. 2017 ஜூலை 1 முதல் ஜி.எஸ்.டி. வந்தது. கணினியின் தேதியை அப்படியே எடுக்கும் மென்பொருளில் பில் தவறான தேதியில் அச்சாகும். இணையத்தில் கணக்குத் தாக்கல் செய்யப் போனால் தளமே திறக்காது. தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழை உலாவி கணினியின் தேதியோடு ஒப்பிட்டுப் பார்ப்பதே காரணம். கடைசி நாளில் இப்படி நடந்தால் தாமதக் கட்டணம் கடைக்காரர் தலையில்.

பேட்டரி மட்டுமே காரணமா?

இல்லை. 1990களில் பயாஸ் நிரலே அழித்து எழுதக்கூடிய ஃபிளாஷ் சிப்புக்கு மாறியது. புதுப்பிக்க வசதி, கெடுக்கவும் வசதி. தைவானைச் சேர்ந்த சென் இங்-ஹா எழுதிய சி.ஐ.எச். வைரஸ் 1999 ஏப்ரல் 26 அன்று வெடித்தபோது, எழுத வழி திறந்திருந்த போர்டுகளில் பயாஸையே குப்பையால் நிரப்பியது. அந்தக் கணினிகள் எழவே இல்லை.

பிறகு 2005-ல் யூ.இ.எஃப்.ஐ. அமைப்பு உருவானது. புதிய முறையில் பல அமைப்புகள் ஃபிளாஷிலேயே பதியும். பேட்டரி செத்தால் தேதி மட்டும் போகும், மற்றவை நிற்கும் என்ற நிலை பல போர்டுகளில் வந்தது. ஆனால் புதுத் தொல்லையும் வந்தது. 2017 அக்டோபரில் வெளியான உபுண்டு 17.10-ல் இருந்த ஒரு டிரைவர், லெனோவோ உட்பட சில லேப்டாப்களின் ஃபிளாஷை எழுத முடியாதபடி பூட்டிவிட்டது. பயாஸில் எதை மாற்றிச் சேமித்தாலும் நிற்கவில்லை. யு.எஸ்.பி.யிலிருந்து பூட் செய்யவும் முடியவில்லை. டிசம்பரில் தரவிறக்கத்தையே நிறுத்தி, 2018 ஜனவரியில் திருத்திய பதிப்பை வெளியிட்டார்கள். அங்கே புது பேட்டரி போட்டிருந்தால் ஒரு பயனும் இருந்திருக்காது.

எங்கிருந்து தொடங்குவது?

இந்த வரலாறு தெரிந்தால் பழுது பார்க்கும் வரிசை தானாக வரும். முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

தேதியும் சேர்ந்து போயிருந்தால் சந்தேகம் பேட்டரி மேல். மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டுக் கழற்றி மீட்டரில் வைத்தால், புதியது 3 வோல்ட்டுக்குச் சற்று மேலே காட்டும். 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் மாற்றிவிடலாம். புதிது போட்டும் நிற்காவிட்டால் பிடிக்கும் தகட்டைத் துடைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்தில் உள்ள 'கிளியர் சிமாஸ்' ஜம்பர் அழிக்கும் நிலையில் மாட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முன்பு யாரோ பாஸ்வேர்டை நீக்கப் போட்டுவிட்டு மறந்திருக்கலாம்.

தேதி சரியாக இருந்து அமைப்பு மட்டும் நிற்கவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். பல போர்டுகளில் எஃப் 10 அமுக்கினால்தான் சேமிக்கும். எஸ்கேப் அமுக்கி வெளியே வந்தால் மாற்றம் போய்விடும். பூட் வரிசை மட்டும் மாறுகிறது என்றால் விண்டோஸே தன்னை முதலில் நிறுத்தியிருக்கலாம். இவை எதுவும் இல்லையென்றால்தான் பயாஸைப் புதுப்பிப்பது. அதற்குக் கரண்ட் போகாத உறுதி வேண்டும், யு.பி.எஸ். இல்லாமல் தொடக்கூடாது. பாதியில் நின்றால் உண்மையிலேயே போர்டு போய்விடும்.

கடைசியாகத்தான் மதர்போர்டு மேல் பழி போட வேண்டும். 1981-ன் ஸ்விட்சுகள் மறக்கவில்லை. ஆனால் கவரைத் திறந்து கை வைக்காமல் எதையும் மாற்ற முடியாது. அந்த வசதிக்காக வந்ததுதான் பேட்டரி. நாலைந்து வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்றிவிட்டால், கணக்கும் தேதியும் ஒழுங்காக நிற்கும்.