ஸ்லேட்டர்-கின்னி: பேஸ் இல்லாத ஒலியின் வரலாறு

ஸ்லேட்டர்-கின்னி அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத் தலைநகரான ஒலிம்பியாவில் 1994-ஆம் ஆண்டு உருவான பெண்கள் ராக் இசைக்குழு. கோரின் டக்கர், கேரி பிரவுன்ஸ்டீன் ஆகிய இருவரும் இதைத் தொடங்கினர். பெரிய இசை நிறுவனங்களைச் சாராமல் இயங்கும் 'இண்டி' ராக் இசையின் முதன்மையான குழுக்களில் ஒன்றாக இது கருதப்படுகிறது. ராக் குழுக்களில் வழக்கமாக இடம்பெறும் பேஸ் கிட்டார் இந்தக் குழுவில் கிடையாது. இரண்டு கிட்டார், ஒரு டிரம்ஸ், இரண்டு குரல்கள் ஆகியவற்றைக் கொண்டே தனக்கான ஒலியை அது அமைத்துக்கொண்டது.

பின்னணி

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் பங்க் இசை நிகழ்ச்சிகளில் மேடையிலும் மேடைக்கு முன்னாலும் ஆண்களின் ஆதிக்கமே இருந்தது. முன்வரிசையில் நடக்கும் முட்டல் மோதலுக்கு அஞ்சிப் பெண்கள் பின்னால் நின்றனர். இந்நிலைக்கு எதிராக எழுந்ததே 'ரயட் கேர்ள்' இயக்கம். இளம்பெண்கள் தாங்களே குழு அமைத்துப் பாடினர். நகலெடுத்த சிற்றிதழ்களைக் கைக்குக் கை பரப்பினர். வன்முறை, உடல், தன்மதிப்பு ஆகியவற்றைப் பாடலாக்கினர். பிகினி கில், பிராட்மொபைல் ஆகியவை இவ்வியக்கத்தின் முன்னோடிக் குழுக்கள்.

எவர்கிரீன் ஸ்டேட் கல்லூரி இருந்த ஒலிம்பியா இதன் முக்கிய மையங்களில் ஒன்று. கே, கில் ராக் ஸ்டார்ஸ் போன்ற சிறு இசைவெளியீட்டு நிறுவனங்களும் அந்நகரில் இயங்கின. டக்கர் 'ஹெவன்ஸ் டு பெட்ஸி' குழுவிலும், பிரவுன்ஸ்டீன் 'எக்ஸ்க்யூஸ் 17' குழுவிலும் இசைத்துவந்தனர். அக்குழுக்களுக்கு இடையே ஒரு பக்கமுயற்சியாகவே புதிய குழு தொடங்கியது. ஒத்திகை நடந்த இடத்துக்கு அருகே இருந்த சாலையின் பெயரே குழுவின் பெயராயிற்று.

முதல் தொகுப்பு ஆஸ்திரேலியாவில் பதிவாகி 1995-இல் வெளிவந்தது. அதில் டிரம்ஸ் வாசித்தவர் லோரா மெக்ஃபர்லேன். அடுத்த ஆண்டு வெளியான 'கால் த டாக்டர்' குழுவை விமர்சகர்களிடம் கொண்டுசேர்த்தது. 1996-இல் ஜேனட் வைஸ் டிரம்ஸ் வாசிக்க வந்தபின் குழு நிலையான வடிவம் பெற்றது.

ஒலி

பேஸ் கிட்டார் தாழ்ந்த சுரங்களில் நின்று டிரம்ஸையும் கிட்டாரையும் இணைக்கிறது. அது இல்லையென்றால் பாடல் அடித்தளமின்றி மெலிந்து ஒலிக்கக்கூடும். இக்குறையைச் சரிசெய்ய டக்கரும் பிரவுன்ஸ்டீனும் தம் கிட்டார்களை வழக்கமான சுருதியைவிட மூன்று அரைச்சுரங்கள் தாழ்த்திக் கூட்டினர். இதனால் கிட்டாருக்கே ஓரளவு கனம் கிடைத்தது. டக்கர் பெரும்பாலும் தாழ்ந்த பகுதியை வாசிக்க, பிரவுன்ஸ்டீன் அதன்மேல் கூர்மையான மெட்டுகளைப் பின்னினார். 'முதன்மை கிட்டார்', 'துணை கிட்டார்' என்ற படிநிலை இங்கே மங்கியது.

குரலிலும் இதே முறை தொடர்ந்தது. டக்கரின் குரல் உயர்ந்தது, அதிர்வு மிக்கது. பிரவுன்ஸ்டீனின் குரல் தாழ்ந்தது, பேச்சை ஒத்தது. பல பாடல்களில் இருவரும் ஒரே நேரத்தில் வெவ்வேறு வரிகளைப் பாடுகின்றனர். ஒன்று மற்றொன்றுக்குப் பின்னணியாவதில்லை; இரண்டும் வாதிடுகின்றன. வைஸின் அழுத்தமான டிரம்ஸ் இவ்விரண்டையும் கட்டிநிறுத்தியது. 1997-இல் வெளியான 'டிக் மீ அவுட்' தொகுப்பில் இந்த மூவர் கூட்டு முதன்முறையாக முழுமையாக வெளிப்பட்டது.

வளர்ச்சி

2001-இல் டைம் இதழில் விமர்சகர் கிரேல் மார்க்கஸ் இக்குழுவை அமெரிக்காவின் மிகச் சிறந்த ராக் குழு என மதிப்பிட்டார். 'பெண் குழுக்களில் சிறந்தது' என்ற அடைமொழி அதில் இல்லை. இது முக்கியமானது. ஏனெனில், பெண்ணாக இருந்துகொண்டு இசைக்குழுவில் வாசிப்பது எப்படி இருக்கிறது என்ற கேள்வியையே இதழாளர்கள் திரும்பத் திரும்பக் கேட்டனர். இந்தச் சலிப்பைப் பிரவுன்ஸ்டீன் 2015-இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில் பதிவுசெய்துள்ளார்.

2002-இல் வந்த 'ஒன் பீட்' செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிந்தைய போர் மனநிலையைக் கேள்விக்கு உட்படுத்தியது. 2005-இல் சப் பாப் நிறுவனம் வெளியிட்ட 'த வுட்ஸ்' தொகுப்பைத் தயாரித்தவர் டேவ் ஃப்ரிட்மன். இரைச்சலும் நீண்ட கிட்டார் வாசிப்பும் நிறைந்த இத்தொகுப்பில் 11 நிமிடம் நீளும் பாடலும் உண்டு. சுருக்கமான பங்க் பாடல்களில் தொடங்கிய குழு, ஆண்களின் களமாக எண்ணப்பட்ட கனத்த ராக் இசைக்குள் இதன்மூலம் நுழைந்தது.

இடைவெளியும் பிரிவும்

2006 ஆகஸ்டில் போர்ட்லேண்ட் நகரில் நிகழ்ச்சி நடத்திவிட்டுக் குழு ஓய்வில் சென்றது. 2015 ஜனவரியில் 'நோ சிட்டீஸ் டு லவ்' தொகுப்புடன் மூவரும் திரும்பினர். 2019-இல் செயின்ட் வின்சென்ட் தயாரித்த 'த சென்டர் வோன்ட் ஹோல்ட்' மின்னணு ஒலிகளை நாடியது. அது வெளிவருவதற்கு முன்பே, குழு புதிய திசையில் செல்வதாகக் கூறி வைஸ் விலகினார். படைப்பு முடிவுகளில் தமக்குச் சம இடம் இல்லையென உணர்ந்ததாக அவர் பின்னர் தெரிவித்தார். படிநிலையற்ற ஒலியால் அறியப்பட்ட குழுவில் சமத்துவம் பற்றியே பிளவு நேர்ந்தது ரசிகர்களை வருத்தியது. டக்கரும் பிரவுன்ஸ்டீனும் இருவராகத் தொடர்ந்து 2021-இல் 'பாத் ஆஃப் வெல்னஸ்', 2024-இல் 'லிட்டில் ரோப்' ஆகியவற்றை வெளியிட்டனர்.

வரலாற்று இடம்

ரயட் கேர்ள் இயக்கத்தின் பல குழுக்கள் சில ஆண்டுகளிலேயே கலைந்தன. ஸ்லேட்டர்-கின்னி அவ்வியக்கத்தின் கோபத்தை நீண்டகாலம் நிலைக்கும் இசைமொழியாக மாற்றியது. பெண்கள் மேடையேறலாம் என்பதை முன்னோடிகள் நிறுவினர். ஏறியபின் ராக் இசையின் அமைப்பையே மாற்றலாம் என்பதை இக்குழு காட்டியது. இல்லாத ஒரு கருவியின் இடத்தை உரையாடலால் நிரப்பியதே அதன் தனித்த பங்களிப்பு.