நூறு வாட் குரல்



2005 ஆகஸ்ட் 29 அன்று அமெரிக்காவின் தென் கடற்கரையைக் கத்ரீனா புயல் தாக்கியது. மிசிசிப்பி மாநிலத்தில் பே செயின்ட் லூயிஸ் என்னும் சிறிய ஊருக்குள் கடல் புகுந்தது. மின்சாரம் நின்றது, தொலைபேசி நின்றது, அந்த வட்டாரத்தின் வானொலி நிலையங்கள் பலவும் ஓய்ந்துபோயின. ஆனால் தன்னார்வலர்கள் நடத்திவந்த ஒரு சிறு பண்பலை நிலையம் மட்டும் பேசிக்கொண்டே இருந்தது. உதவி எங்கே கிடைக்கும் என்பதை மக்கள் அதன் வழியாகத்தான் கேட்டறிந்தார்கள். அந்த நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட திறன் 100 வாட். நம் வீடுகளில் முன்பு எரிந்த குண்டு பல்பின் அளவுதான்.

இப்படிப்பட்ட நிலையங்களுக்கு நாட்டின் பெரும்பகுதியில் இடமே இல்லாமல் செய்ய ஒரு சட்டம் வந்தது. அது எப்படி வந்தது, எப்படிப் போனது என்பதை இன்று சேர்ந்து சிந்திப்போம்.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் 10 வாட் நிலையங்களுக்குக்கூட உரிமம் கிடைத்தது. கல்லூரிகளும் பள்ளிகளும் அவற்றை நடத்தின. 1978-இல் அந்தக் கதவு மூடப்பட்டது. 1996-இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஒரு நிறுவனம் நாடு முழுவதும் இத்தனை நிலையங்களைத்தான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை அது நீக்கிவிட்டது. சில ஆண்டுகளில் ஒரே நிறுவனத்தின் கையில் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. உள்ளூர்க் குரல்கள் குறையத் தொடங்கின.

அப்போது கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையத்தின் தலைவராக இருந்தவர் வில்லியம் கென்னார்ட். 2000 ஜனவரியில் அவருடைய ஆணையம் ஒரு புதிய வழியைத் திறந்தது. இலாப நோக்கமற்ற அமைப்புகளும் பள்ளிகளும் ஆலயங்களும் 100 வாட் வரையிலான சிறு பண்பலை நிலையங்களை நடத்தலாம் என்றது. அந்த ஒலி ஏறத்தாழ ஐந்தாறு கிலோமீட்டர் எட்டும். ஒரு பங்கின் எல்லைக்கு அது போதும்.

இங்கே தொழில்நுட்பம் ஒன்றை எளிதாகப் புரிந்துகொள்வோம். பண்பலையில் 0.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஓர் இடம். பேருந்து இருக்கைகளைப் போல அவை வரிசையாக இருக்கின்றன. ஒரு நிலையம் அமர்ந்தால் அதன் இருபக்கமும் மும்மூன்று இருக்கைகள் காலியாக இருக்கவேண்டும் என்பது பழைய விதி. ஒன்றின் ஒலி மற்றொன்றில் கலந்துவிடக் கூடாதே! சிறு நிலையங்களுக்கு இரண்டு இருக்கை இடைவெளி போதும், மூன்றாவதில் அவை அமரலாம் என்றது ஆணையம்.

பெரிய நிலையங்களின் தேசிய ஒலிபரப்பாளர் சங்கம் இதைக் கடுமையாக எதிர்த்தது. சிறு நிலையங்கள் வந்தால் ஒலி எப்படிக் கெடும் என்று காட்டுவதாகச் சொல்லி, ஒரு குறுந்தகடு தயாரித்து நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் கொடுத்தது. அது உண்மை நிலையைக் காட்டவில்லை என்று ஆணையத்தின் பொறியாளர்கள் மறுத்தார்கள். வணிக நிலையங்கள் மட்டும் எதிர்க்கவில்லை. தேசியப் பொது வானொலியும் எதிர்ப்பாளர்களோடு நின்றது. பார்வையற்றோருக்காகச் செய்தித்தாள் வாசிக்கும் சேவைகள் பாதிக்கப்படும் என்ற கவலையும் எழுப்பப்பட்டது. அந்தக் கவலையை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது.

2000 டிசம்பரில், நிதி ஒதுக்கீட்டு மசோதா ஒன்றோடு சேர்த்து, அந்த மூன்றாவது இருக்கையும் காலியாகவே இருக்கவேண்டும் என்று சட்டமாக்கப்பட்டது. விளைவு என்ன? இருக்கைகள் நெருக்கமாக இருக்கும் பெருநகரங்களில் சிறு நிலையங்களுக்கு இடமில்லாமல் போயிற்று. பெரும்பாலும் சிற்றூர்களில்தான் அவை பிறந்தன.

ஒலி உண்மையிலேயே கெடுமா என்று சோதித்துப் பார்க்கவும் அதே சட்டம் ஆணையிட்டது. மைட்டர் என்ற ஆய்வு நிறுவனம் சோதித்தது. 2003-இல் அறிக்கை வெளிவந்தது. மூன்றாவது இருக்கையில் சிறு நிலையம் அமர்வதால் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றது அறிக்கை. தடையை நீக்கலாம் என்று 2004-இல் ஆணையமும் நாடாளுமன்றத்துக்குப் பரிந்துரைத்தது. அப்படியும் தடை நீங்கவில்லை.

காத்திருந்த காலத்தில் பிறந்த சில நிலையங்களே அவற்றுக்காக வாதாடின. புளோரிடாவின் இம்மொக்கலீ என்னும் ஊரில் தக்காளித் தோட்டத் தொழிலாளர்கள் 2003-இல் ஒரு நிலையம் தொடங்கினார்கள். மெக்சிகோ, குவாத்தமாலா, ஹெயிட்டி நாடுகளிலிருந்து வந்த ஏழைகள் அவர்கள். 2005 அக்டோபரில் வில்மா புயல் வந்தபோது, அவர்களுடைய தாய்மொழிகளிலேயே அந்த நிலையம் எச்சரிக்கை கொடுத்தது. வேறு எந்தப் பெரிய நிலையம் அந்த மொழிகளில் பேசியிருக்கும்?

சமூக வானொலி அமைப்புகளும், பல திருச்சபைகளும், அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர் பேரவையும் சிறு நிலையங்களுக்காகக் குரல் கொடுத்தன. இரு கட்சிகளின் உறுப்பினர்களும் மசோதாவை மீண்டும் மீண்டும் கொண்டுவந்தார்கள். இறுதியில் 2011 ஜனவரி 4 அன்று, உள்ளூர்ச் சமூக வானொலிச் சட்டத்தில் குடியரசுத் தலைவர் ஒபாமா கையெழுத்திட்டார். 2013-இல் விண்ணப்பம் கேட்டபோது 2,800-க்கும் மேற்பட்டவை வந்து குவிந்தன. அத்தனை பேர் பேசக் காத்திருந்தார்கள்.

நேயர்களே, சோதித்துப் பார்க்கவேண்டும் என்று கேட்டதில் தவறில்லை. ஒலி கலந்தால் கேட்பவருக்குத்தான் இழப்பு. ஆனால் சோதனையின் முடிவு வந்த பிறகும் ஏழு ஆண்டுகள் கடந்தனவே, அதுதான் அநீதி. வலிமையுள்ளவர்கள் வாதத்தில் வெல்லவேண்டிய தேவைகூட இல்லை, காலம் கடத்தினாலே அவர்களுக்குப் போதும். காத்திருந்து களைத்துப்போகிறவர்கள் எப்போதும் சிறியவர்களே.

நம் அன்பியக் கூட்டங்களிலும் ஊர்க் கூட்டங்களிலும் நாமும் சிலரிடம், "நீங்கள் பேசினால் குழப்பம் வரும், பிறகு பார்ப்போம்" என்கிறோம். அந்தக் குழப்பம் உண்மையில் வருமா என்று நாம் எப்போதாவது சோதித்ததுண்டா? சோதித்துக் குழப்பம் இல்லை என்று கண்டபின்னாவது அவர்களுக்கு இடம் கொடுத்தோமா? இந்த வாரம் அப்படி ஒருவரை நினைவில் கொள்வோம். அவருக்குரிய இருக்கையை அவருக்கே கொடுப்போம்.