கல்யாணத்தோடு முடிந்துபோன பண்ணை

2010இல் மாடம்பாக்கத்தில் சித்தி வீட்டுக்கு எப்போது போனாலும், "இரு, ஸ்ட்ராபெர்ரியை எடுத்துட்டு வந்துடறேன்" என்பார். நிஜ ஸ்ட்ராபெர்ரியை அவர் அதுவரை தின்றதே இல்லை. ஃபேஸ்புக்கில் ஓடிய ஃபார்ம்வில் விளையாட்டில் அது நான்கு மணி நேரத்தில் பழுக்கும். நேரத்துக்கு அறுக்காவிட்டால் வாடிப்போகும். சோறு வடிப்பது, தண்ணி லாரி வருவது, சித்தப்பா ஆபீஸிலிருந்து திரும்புவது என எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் சித்தி விதைப்பார். மகன் படிப்புக்கு வாங்கிய கம்ப்யூட்டர், மகன் காலேஜுக்குப் போனதும் சித்தியின் வயலாகிவிடும்.

ஊரே பசுவின் பெயரால் ஆனது. இங்குள்ள பழைய சோழர் காலக் கோயிலில் இருப்பவர் தேனுபுரீஸ்வரர், பசு வழிபட்ட சிவன். சித்தியின் திரையிலும் ஒரு பசு இருந்தது. இளஞ்சிவப்பு நிறம், ஸ்ட்ராபெர்ரிப் பால் தரும். அதைத் 'தேனு' என்றுதான் கூப்பிடுவார்.

அந்த வருடம் ஃபார்ம்வில்லை மாதம் 8 கோடிக்கும் அதிகமானோர் ஆடினார்கள். 'டைம்' இதழ் அதை உலகின் ஐம்பது மோசமான கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சேர்த்தது. பாப்கேப் என்ற விளையாட்டு நிறுவனம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் எடுத்த கணக்கின்படி, சமூக வலைத்தளங்களில் இப்படி ஆடுபவரின் சராசரி உருவம் 43 வயதுப் பெண். சித்திக்கு அப்போது 44. கேலியின் வேகத்துக்கும் இந்த வயதுக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன். கிரிக்கெட் பார்த்து ஒரு நாளைத் தொலைக்கிற ஆணை யாரும் மோசமான கண்டுபிடிப்பு என்று சொன்னதில்லை. அதற்காக அந்த விளையாட்டு அப்பாவி என்றும் சொல்ல மாட்டேன். அக்கம்பக்கத்துப் 'பண்ணைக்காரர்களை' நச்சரிக்க வைத்தது, காசு கேட்டது.

ஆனால் சித்தி செய்தது வேறு. விளைச்சலில் வந்த காசை எல்லாம் கலர் கலரான வைக்கோல் கட்டுகளாக வாங்கினார். அவற்றைக் கட்டம் கட்டமாக அடுக்கி மார்கழிக்குக் கோலம் போட்டார். உலகம் முழுக்க ஆடியவர்கள் வைக்கோல் கட்டில் மோனாலிசா வரை வரைந்திருக்கிறார்கள் என்று பின்னால்தான் எனக்குத் தெரிந்தது. சித்தி யாரையும் பார்த்துச் செய்யவில்லை. திரையில் நிலம் சாய்சதுரமாகத் தெரியும். "ஊடு புள்ளி மாதிரிதானே இருக்கு" என்றார்.

பாவனையாக வீடு கட்டி, பொங்கி, குடித்தனம் நடத்துவது நம் பெண்களுக்குப் புதிதல்ல. சங்கப் பாடல்களிலேயே சிற்றில் கட்டும் சிறுமிகள் இருக்கிறார்கள். நெல்லைப் பக்கம் சிறுவீட்டுப் பொங்கல் இன்னும் உண்டு. அதே மரபில் சிற்றிலைக் காலால் கலைக்கும் பையன்களும் வருகிறார்கள். ஆண்பால் பிள்ளைத்தமிழில் 'சிற்றில் சிதைத்தல்' என்று ஒரு பருவமே ஒதுக்கியிருக்கிறார்கள். நாச்சியார் திருமொழியில் ஆண்டாள், எங்கள் சிற்றிலை அழிக்காதே என்று கண்ணனிடம் ஒரு பதிகம் முழுக்க மன்றாடுகிறாள். இதைப் பக்தி என்று மட்டும் வாசித்துவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை.

பண்ணை விளையாட்டுகளின் மூலம் ஜப்பானில் இருக்கிறது. 1996இல் யசுஹிரோ வாடா உருவாக்கிய விளையாட்டு வெளிநாடுகளில் 'ஹார்வெஸ்ட் மூன்' என்ற பெயரில் போனது. அதில் உழுபவன் பையன். பெண்கள் அவன் பரிசு கொடுத்துக் கட்டிக்கொள்வதற்காக ஊரில் காத்திருப்பார்கள். 2000இல் கேம் பாய் கலருக்கு வந்த மூன்றாம் பாகத்தில் பெண்ணாகவும் ஆடலாம். ஆனால் ஆணுக்குக் கல்யாணத்துக்குப் பிறகும் பண்ணை தொடரும். பெண்ணுக்குக் கல்யாணம் ஆன நிமிடமே ஆட்டம் முடிந்துவிடும். பெண்களுக்கென்று 2003இல் வந்த இன்னொரு பதிப்பில்தான் தாலிக்குப் பின்னும் அவள் வயலுக்குப் போக முடிந்தது. (ஜப்பானில் ஏது தாலி! கை பழக்கத்தில் எழுதிவிட்டேன்.)

இதைப் படித்தபோது எனக்கு ஒரு தேதி நினைவுக்கு வந்தது: 1989 மார்ச் 25. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பிறப்புரிமை தந்த தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் அன்று அமலுக்கு வந்தது. அதற்கு முன்பே கல்யாணமான மகள்களுக்கு அது பொருந்தாது. சித்தியின் கல்யாணம் 1987இல். ஏரிப் பாசனத்தில் எங்கள் தாத்தாவுக்கு இருந்த நிலம் பூர்வீகம். பாட்டி சேற்றில் இறங்கி நாற்று நட்ட நிலம். 90களில் அதை மனை போட்டு விற்றபோது தாத்தாவும் இரண்டு மாமாக்களும் கையெழுத்துப் போட்டார்கள். சித்தியை யாரும் கூப்பிடவில்லை. 2005இல் மத்தியச் சட்டம் அந்தக் கல்யாணக் கணக்கை நீக்கியது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன் முடிந்த விற்பனைகளைத் தொடவில்லை. அதே லேஅவுட்டில் அரை கிரவுண்டு மனையைச் சித்தப்பா கடன் வாங்கி வாங்கினார். சித்தி தன் அப்பாவின் வயலுக்குத் தவணை கட்டினார்.

2015-16 வேளாண் கணக்கெடுப்பில், இந்தியா முழுக்க உள்ள பண்ணைகளில் பெண்கள் பெயரில் இருந்தவை ஏறத்தாழ 14 சதவீதம்தான். நடவும் களையெடுப்பும் யார் கையில் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2020 டிசம்பர் 31 அன்று ஃபார்ம்வில் நின்றுபோனது. சித்தி ஒரு வாரம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பொங்கலுக்குப் போனபோது என் மகள் அவருக்கு ஸ்டார்டியூ வேலியைக் காட்டினாள். எரிக் பரோன் என்பவர் தனியாளாகச் செய்து 2016இல் வெளியிட்டது. தொடக்கத்தில் தாத்தா ஒரு கடிதம் தருவார். ஆணாக ஆடினாலும் பெண்ணாக ஆடினாலும் பண்ணைப் பத்திரம் அந்தக் கடிதத்தோடு வரும். மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல, சித்தி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு கேட்டார்.

"பேத்திக்கா எழுதி வெச்சிருக்காரு?"

"ஆமா பாட்டி."

"கல்யாணம் ஆனா திருப்பிக் குடுக்கணுமா?"

"இல்ல பாட்டி. கட்டிக்கிறவங்கதான் நம்ம வீட்டுக்கு வருவாங்க."

சித்தி கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். இதில் நெல் உண்டா என்று கேட்டார். உண்டு, தண்ணீர் ஓரமாக நட்டால் சீக்கிரம் விளையும் என்றாள் மகள்.

"அப்ப அந்தக் குளத்துப் பக்கமா நடு" என்றார் சித்தி.