விப்-ரிப்பன்: எந்தப் பாட்டிலும் ஓடும் ஒரு முயல்

1999 டிசெம்பரில் ஜப்பானில் வெளிவந்தது 'விப்-ரிப்பன்' என்ற வீடியோ கேம். அதை முதலாவது பிளேஸ்டேஷனில் போட்டால் முழு விளையாட்டும் இயந்திரத்தின் நினைவகத்துக்குள் ஏறிவிடும். அதன்பிறகு மூடியைத் திறந்து விளையாட்டு இறுவட்டை வெளியே எடுத்துவிட்டு, உங்களிடம் இருக்கும் ஏதாவதொரு பாட்டு இறுவட்டை அந்த இடத்தில் வைக்கலாம். விளையாட்டு அந்தப் பாட்டின் ஒலியை ஆராய்ந்து ஒரு பாதையை வரையும். அந்தப் பாதையில் விப்ரி என்ற முயல் நடந்து போகும். அவளை விழாமல் கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

எங்களில் பலருக்கு இந்தப் பெயரே புதிதாக இருக்கும். அது வெளிவந்த மாதத்தில் வன்னியில் போர் உச்சத்தில் இருந்தது. வீடியோ கேமுக்கு எங்கே மின்சாரம்? ஐரோப்பாவில் 2000ஆம் ஆண்டு வெளியானதால், புலம்பெயர்ந்த வீடுகளில் வளர்ந்த சில பிள்ளைகள் கண்டிருக்கலாம். எனக்கும் அப்படி ஒரு வீட்டின் பரணில் இருந்துதான், பழைய பிளேஸ்டேஷனோடு சேர்ந்து வந்தது. வெளிவந்து கால் நூற்றாண்டு கடந்த பின்பும் இது விளையாடத் தகுந்ததா என்று பார்க்கச் சில வாரங்கள் அதனோடு இருந்தேன்.

இதை உருவாக்கியது நனாஒன்-ஷா என்ற ஜப்பானிய நிறுவனம். அதன் தலைவர் மசாயா மட்சுரா அடிப்படையில் ஓர் இசைக்காரர். 1980களில் சைஸ் என்ற இருவர் குழுவில் இருந்தவர். 1996இல் அவர் செய்த 'பராப்பா த ராப்பர்', தாளத்துக்கு ஏற்பப் பொத்தானை அழுத்தும் விளையாட்டு வகையை உலகம் முழுக்கப் பரப்பியது. காகிதம்போல் தட்டையான ஒரு நாய்க்குட்டி ராப் பாடும் அந்த விளையாட்டில், பாடல்கள் எல்லாம் நிறுவனமே செய்து கொடுத்தவை. மூன்று வருடம் கழித்து வந்த விப்-ரிப்பனில் மட்சுரா அதைத் தலைகீழாக்கினார். பாட்டு விளையாடுபவருடையது.

விளையாடும் முறை மிக எளிது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு. கோட்டில் நான்கு வகைத் தடைகள் வரும்: கட்டை, சுழி, அலை, குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு பொத்தான். ஆரம்பத்தில் 'இவ்வளவுதானா?' என்று தோன்றும். பிறகு இரண்டு தடைகள் ஒன்றாகப் பின்னிக்கொண்டு வரத் தொடங்கும். குழிக்குள் கட்டை, அலையில் சுழி என்று வந்தால் இரண்டு பொத்தான்களையும் ஒன்றாக அழுத்த வேண்டும். தனித் தடைகள் நான்கு, சோடிகள் ஆறு. ஆக மொத்தம் பத்து வடிவங்கள். இந்தப் பத்தையும் கண் பார்த்தவுடன் கை செய்யும் நிலைக்கு வர எனக்கு நான்கு மாலைகள் பிடித்தன.

தவறவிட்டால் விப்ரியின் உருவம் கிறுக்கலாகக் குலையும். மேலும் மேலும் தவறவிட்டால் முயல் தவளையாகிவிடும், தவளை புழுவாகிவிடும். புழுவும் தாங்காவிட்டால் ஆட்டம் முடிந்தது. திருத்தமாக விளையாடினால் புழு மீண்டும் தவளையாகி, தவளை முயலாகும். முயலாக இருக்கும்போது 18 தடைகளைத் தொடர்ச்சியாகத் தாண்டிவிட்டால் முடி சூடிய இளவரசியாக மாறிவிடுவாள். திரையில் உயிர்க்கணக்குக் காட்டும் பட்டி எதுவும் இல்லை. அவளைப் பார்த்தாலே எங்கள் நிலைமை தெரியும். இன்றைய விளையாட்டுகளின் திரை முழுக்க எண்களும் அம்புக்குறிகளும் நிறைந்திருப்பதைப் பார்க்கும்போது, இந்தச் சிக்கனம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

சிக்கனத்துக்குக் காரணம் அழகு மட்டுமல்ல. அந்தப் பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைற். பாட்டு இறுவட்டில் ஒரு விநாடி ஒலிக்கு ஏறத்தாழ 176,400 பைற் தேவை. கணக்குப் பார்த்தால், முழு நினைவகத்தையும் கொடுத்தாலும் 12 விநாடிப் பாட்டுக்கூட அதற்குள் அடங்காது. ஆகவே பாட்டு இறுவட்டிலிருந்தே ஓட வேண்டும், விளையாட்டு முழுவதும் நினைவகத்துக்குள் அடங்க வேண்டும். வண்ணப் படங்களுக்கும் முப்பரிமாணக் காட்சிகளுக்கும் அங்கே இடமில்லை. மிஞ்சியது கோடு.

அந்தக் கோடுதான் இன்று அதைக் காப்பாற்றியிருக்கிறது. அதே காலத்தில் பெரும் செலவில் செய்யப்பட்ட முப்பரிமாண விளையாட்டுகள் பலவற்றின் முகங்கள் இப்போது மூலை முடுக்கான காகிதப் பெட்டிபோலத் தெரிகின்றன. விப்ரி அன்று இருந்தது போலவே இருக்கிறாள். நடுங்கும் கோடுகளால் ஆன ஒரு முயல் பழசாவதற்கு எதுவுமில்லை.

விளையாட்டோடு வரும் பாடல்கள் ஆறு, இரண்டிரண்டாக மூன்று படிகள். பயிற்சிக்கு நல்லவை. தடைகள் தாளத்தோடு சரியாகப் பொருந்துவதும் இவற்றில்தான். கை பழகியவர் ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். உண்மையான சோதனை அதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு தமிழ்த் திரைப்பாடல் இறுவட்டைப் போட்டேன். டிரம் அடி சீராக இருக்கும் வேகமான பாட்டுகளில் தடைகள் ஓரளவு அடியோடு வந்தன. மெல்லிய பாட்டுகளில் விப்ரி வெறும் கோட்டில் நீண்டநேரம் நடந்தாள். அடுத்தது நாதஸ்வரம். ராக ஆலாபனையில் அதிக வேலை இல்லை. தவில் தனியாவர்த்தனம் தொடங்கியதும் திரை நிறையச் சோடித் தடைகள். இருபது விநாடிக்குள் புழு. தவிலின் கணக்கு விளையாட்டுக்குப் புரியவில்லை. சத்தம் திடீரென்று எழும் இடங்களைத்தான் அது பிடிக்கிறது என்பது விளையாடும்போது தெளிவாகத் தெரிகிறது. தாளம் தெரிந்தவருக்கு இது எரிச்சலாக இருக்கும். காது சமத்தை எதிர்பார்க்கும், தடை வேறெங்கோ வந்து நிற்கும்.

மூன்றாவது இறுவட்டு எங்கள் குடும்பத்தில் சுற்றுவது. ஊர்க்கோயில் திருவிழா மேளக்கச்சேரி ஒன்றை என் பெரியப்பா கசெற்றில் பதிவு செய்திருந்தார். அந்தக் கசெற் பல இடப்பெயர்வுகளுக்குத் தப்பி வெளிநாடு போய், அங்கே இறுவட்டாக மாறித் திரும்பி வந்தது. பெரியப்பா திரும்பி வரவில்லை. பதிவில் மேளத்தோடு ஜெனரேற்றரின் இரைச்சல் இருக்கிறது, யாரோ பிள்ளையைக் கூப்பிடும் குரல் இருக்கிறது, ஒலிவாங்கிக்கு மிக அருகில் ஓர் இருமல் இருக்கிறது. விளையாட்டுக்கு இசையும் இரைச்சலும் ஒன்றுதான். கூப்பிட்ட குரலுக்கு ஒரு சுழி வைத்தது. இருமலுக்கு ஒரு கட்டை. அந்தப் பதிவை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன், மேளத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். விழாமல் போக வேண்டும் என்ற கவனத்தில் மற்றதெல்லாம் காதில் விழுந்தது. இருமியது பெரியப்பாதான் என்று அம்மா சொன்னார்.

குறைகளும் உண்டு. திரையில் பார்வைக் கோணம் அடிக்கடி சுழன்று, கிட்ட வந்து, எட்டப் போகும். அழகுக்காகச் செய்திருக்கிறார்கள். தடையை அடையாளம் காண்பதற்கு அது இடைஞ்சல். பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் உருப்படியில் ஒன்பதாவது நிமிடம் தோற்றால் மறுபடியும் முதலிலிருந்துதான். எங்கள் இசைக்கு இது பெரிய தண்டனை.

தொலைக்காட்சியும் ஒரு பிரச்சினை. இந்த விளையாட்டு பழைய குழாய்த் தொலைக்காட்சிக்குச் செய்யப்பட்டது. அதில் சமிக்ஞை வந்ததும் படம் தெரியும். இன்றைய தட்டைத் திரைகள் படத்தை மெருகேற்றிக் காட்ட ஒரு சிறு தாமதம் எடுக்கும். படம் பார்க்கும்போது அது தெரியாது. தாள விளையாட்டில் அந்தத் தாமதம் எல்லாவற்றையும் கெடுத்துவிடும். பிற்கால விளையாட்டுகளில் இதைச் சரிசெய்ய ஓர் அளவீட்டு வசதி இருக்கும். இதில் இல்லை.

2012இல் நியூயோர்க் நவீனக் கலை அருங்காட்சியகம் முதன்முதலாக 14 வீடியோ கேம்களைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது, பக்-மான், டெட்ரிஸ் ஆகியவற்றோடு விப்-ரிப்பனும் இடம்பெற்றது. அப்போதுகூட அமெரிக்காவில் அது விற்பனைக்கு வந்திருக்கவில்லை. 2014 ஒக்ரோபரில்தான் பிளேஸ்டேஷன் 3க்கும் வீற்றாவுக்கும் தரவிறக்கமாக அங்கே வெளியானது. வீற்றா கைக்கருவியில் இறுவட்டு போட இடமே கிடையாது. அதில் ஆறு பாட்டுகளோடு நிற்கும் விப்-ரிப்பன் என் கணக்கில் பாதி விளையாட்டு. சொந்தப் பாட்டில் விளையாடும் எண்ணத்தைக் கணினிக்குக் கொண்டுபோன 'ஓடியோசேர்ஃப்' 2008இல் வந்தது. பாட்டின் ஓட்டத்தைப் பாதையாக்குவதில் அது இதைவிடக் கெட்டி, ஆனால் விப்ரி மாதிரி ஒருத்தி அதில் இல்லை.

இன்று விளையாட விரும்புபவர்கள் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். எங்கள் கடைகளில் நூறு, நூற்றைம்பது பாட்டுகளோடு விற்ற எம்பி3 இறுவட்டுகளை இந்த இயந்திரம் பாட்டாக ஏற்காது. சாதாரண ஓடியோ இறுவட்டுத்தான் வேண்டும். கணினியில் பதியும்போதே 'ஓடியோ சிடி' என்ற தெரிவை எடுங்கள். அதில் 80 நிமிடம் வரை கொள்ளும். பழைய பிளேஸ்டேஷனின் லென்ஸ் பலவீனமாகியிருந்தால் வீட்டில் பதிந்த இறுவட்டுகளை வாசிக்கத் திணறும், லென்ஸைத் துடைத்துப் பார்க்கலாம். தட்டைத் திரைதான் இருக்கிறது என்றால் அதன் அமைப்பில் 'கேம் மோட்' இருக்கிறதா என்று பாருங்கள், தாமதம் குறையும்.

வீட்டில் பதிந்த இறுவட்டுகளின் சாயப்படை வெப்பத்திலும் ஈரத்திலும் அழியக்கூடியது. எங்கள் காலநிலையில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆகவே குடும்பப் பதிவு எதையாவது விப்ரிக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால், மூல இறுவட்டை இயந்திரத்தில் போடாதீர்கள். முதலில் கணினியில் முழுமையாகப் பிரதி எடுத்து இரண்டு இடங்களில் சேமித்துவிட்டு, அந்தப் பிரதியிலிருந்து புதிய இறுவட்டுப் பதிந்து அதில் விளையாடுங்கள். இரைச்சலை நீக்கித் தரும் மென்பொருளைத் தொடவும் வேண்டாம்.