கரையேறத் தெரிந்த மரம்

சின்னாளப்பட்டிக்குக் கடல் கருவாடாகத்தான் வந்து சேரும். கிழக்கே சிறுமலை, மேற்கே தூரத்தில் கொடைக்கானல் மலை, ஊருக்குள் தறியும் சாயமும் சுங்குடிச் சேலையும். உப்புக்காற்று வேண்டுமென்றால் சந்தையில் நெத்திலிக் கருவாட்டுக் கூடைப் பக்கம் போய் நிற்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு கடற்கலத்தின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். ஆனால் கட்டுமரம் பிறப்பது மலையில். அதனால் எங்களுக்கும் அதில் கொஞ்சம் பாத்தியதை உண்டு.

மற்ற கலங்களுக்கு உறுதியான மரம் தேடுவார்கள். கட்டுமரத்துக்குத் தேடுவது கனமில்லாத மரம். தேக்கும் வேங்கையும் இந்த வேலைக்கு ஆகாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தாவரவியலாளரான வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரையின் செடிகொடிகளைப் பற்றி 1795 முதல் வெளியான தன் நூலில், போதிய பருமனில் கிடைத்தால் கட்டுமரத்துக்குத் தணக்கு மரத்தைத்தான் முதலில் விரும்புவார்கள் என்று குறித்துவைத்தார். தணக்கு வறண்ட மலைச்சரிவுகளில் வளர்வது. அதன் காய்க்கு இரண்டு சிறகு உண்டு. உதிர்ந்தால் சுழன்று சுழன்று இறங்கும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் அடுக்கும் மலர்களில் தணக்கம்பூவும் ஒன்று. தணக்கு கிடைக்காவிட்டால் மலைவேம்பு, பீலிவாகை, இலவு. பிற்காலத்தில் நம் பக்கம் பெருத்த மரங்கள் தீர்ந்துபோக, கேரளத்துக் காடுகளிலிருந்து வாங்கி வந்தார்கள்.

கரைக்கு வந்த மரத்தைப் பட்டை உரித்து, காயவைத்து, செதுக்குவார்கள். நடுமரம் சற்றுத் தாழ்ந்திருக்கும், பக்க மரங்கள் ஏறியிருக்கும். அணியம், அதாவது முன்முனை, கூம்பி மேல்நோக்கி வளையும். சின்னக் கட்டுமரத்துக்கு மூன்று மரம் போதும். பெரியதற்கு ஐந்து, ஏழு. முன்னும் பின்னும் குறுக்குக் கட்டை வைத்துத் தேங்காய் நார்க்கயிற்றால் இறுக்கிவிட்டால் முடிந்தது. நம் கரையில் ஆணிக்கு வேலையே இல்லை. அலை மேலே அடித்தாலும் தண்ணீர் மர இடுக்குகளில் வடிந்துவிடும்; நிரம்பி மூழ்குவதற்கு ‘உள்ளே’ என்று ஓர் இடமே கிடையாது. கரையேறியதும் கயிற்றுக் கட்டுகளை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியாக மணலில் உலரப் போடுவார்கள். நீர் குடித்த மரம் கனக்கும், கனத்தால் ஓடாது. மறுபடி கடலுக்குப் போகும்போது மறுபடி கட்டு. தினமும் பிரிந்து தினமும் சேரும் கலம் வேறெங்கும் இவ்வளவு பெரிய தொழிலாக நடந்ததாக எனக்குத் தெரியவில்லை.

எதற்காக இந்தப் பாடு? சோழமண்டலக் கரையைப் பார்த்தவர்களுக்கு விளங்கும். நீண்டு கிடக்கும் திறந்த மணல். ஒதுங்கக் குடா கிடையாது. கரைக்கு முன்னால் வரிசை வரிசையாக உடையும் அலை. ஐரோப்பியரின் கப்பல்கள் சென்னைக்கு எதிரே தள்ளி நங்கூரம் போட்டு நிற்க, சரக்கும் ஆளும் மசூலா என்ற கரைப்படகில் இறங்கின. மசூலாவும் போக முடியாத நாட்களில் கட்டுமரக்காரர்தான் கடிதம் கொண்டுபோனார். நனையாதபடி தாளை மடித்துத் தலையில் கவிழ்த்த ஓலைக் குல்லாவுக்குள் செருகிக்கொண்டு அலையைத் தாண்டிப் போவார். விழுந்தால் நீந்திப் பிடித்து மறுபடி ஏறிக்கொள்வார். அன்றைய பயணக் குறிப்புகளில் இதைக் கண்டு வாய்பிளக்காதவர் குறைவு. கடற்கொள்ளையராகவும் ஊர்சுற்றியாகவும் இருந்த வில்லியம் டாம்பியர் 1697-இல் அச்சிட்ட தன் பயண நூலில் சோழமண்டலத்துக் கட்டுமரத்தை எழுதிவைக்க, ஆங்கில வாசகர்களிடம் அந்தப் பெயர் பரவியது.

இந்த இடத்தில் ஒரு வாட்ஸப் கதையைக் கழித்துவிடலாம். சோழர்கள் கட்டுமரத்தில் ஏறிப்போய்க் கடாரத்தை வென்றார்கள் என்று அடிக்கடி வருகிறது. யானையையும் படையையும் நெல்லையும் ஏற்றிக்கொண்டு வங்கக்கடலைக் கடக்க வேண்டியது பெரிய மரக்கலம். கட்டுமரம் மீனவரின் கலம். அலையை உடைத்துக்கொண்டு போவதும் அலையோடு கரையேறுவதும் அதன் வித்தை; அது போதாதா?

ஆனால் அது கரையை ஒட்டியே கிடந்தது என்று நினைத்தால் தப்பு. நாகப்பட்டினம் பக்கத்தில் கோலாமரம் என்று ஒரு பெரிய வகை இருந்தது. பறக்கும் கோலா மீனைத் தேடிக் கரை மறைந்த பிறகும் வெகுதூரம் பாய் விரித்துப் போகும். சென்னை மாகாண மீன்துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் இதைப் பற்றி 1920-களில் விரிவாக எழுதினார். தழைக் கட்டுகளைக் கயிற்றில் கோத்து மிதக்கவிடுவார்கள். முட்டையிட இலை தேடிக் கூட்டமாக வரும் கோலாவை வலையால் அள்ளுவார்கள். கூரை இல்லை, பக்கச் சுவர் இல்லை. தண்ணீரும் சோறும் மரத்தோடு கட்டிவைத்திருக்கும். இரவில் கடலே படுக்கை. சின்னப் பாய்க்கலத்தில் பல நாள் பயணம் என்பதை இன்றைக்குச் சாகசம் என்கிறோம். நாகைக்காரருக்கு அது கோடைக்காலத்துச் சம்பாத்தியம்.

பெயர் ஒரு பக்கம் தனியாகச் சுற்றியது. 1804-இல் நெப்போலியனின் படகுக் கூட்டத்தை எரிக்க ஆங்கிலேயர் பூலோன் துறைமுகத்தில் மிதக்கவிட்ட வெடிப்பெட்டிகளுக்குக்கூட ‘கேட்டமரான்’ என்றுதான் பெயர். கலம் இங்கே கிடக்க, பெயர் வெடித்துக்கொண்டிருந்தது. 1876-இல் அமெரிக்கக் கப்பல் வடிவமைப்பாளர் நதானியேல் ஹெர்ஷாஃப் இரண்டு ஒல்லியான உடல்களைச் சட்டத்தால் இணைத்து ‘அமரில்லிஸ்’ என்ற பாய்ப்படகைக் கட்டி, நியூயார்க் போட்டியில் எல்லோரையும் முந்தினார். தோற்றவர்கள் முறையிட, அந்த வகைப் படகே போட்டிகளிலிருந்து விலக்கப்பட்டது. அதற்குச் சில மாதங்கள் முன்னால்தான், 1875 டிசம்பரில், சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டியிருந்தார்கள். செயற்கைத் துறைமுகம் வந்துவிட்டால் கடிதக் குல்லாவுக்கு வேலை ஏது?

இரட்டை உடல் நம்முடையது இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அது பசிபிக் தீவுக்காரர்களின் சொத்து. ஹவாயில் வுடி பிரவுன் என்பவர் தீவுகளின் இரட்டைத் தோணிகளைப் பார்த்துப் பழகி, 1947-இல் நண்பர்களோடு ‘மனு காய்’ என்ற வேகமான படகைக் கட்டினார். அந்த வழியில் வந்தவர்தான் கலிபோர்னியாவில் அலைச்சறுக்குப் பலகை செய்துகொண்டிருந்த ஹோபி ஆல்டர். 1960-களின் கடைசியில் 14 அடிப் படகொன்றும், தொடர்ந்து 16 அடிப் படகொன்றும் கொண்டுவந்தார். ‘ஹோபி 16’ என்ற அந்தப் படகு நீளம் சுமார் 5 மீட்டர், அகலம் 2.4 மீட்டர், எடை 145 கிலோ. நடுவில் பலகைத் தளத்துக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய வலைத்துணி. அடியில் ஆழமாக இறங்கும் பலகை கிடையாது, சுக்கான் மணலில் தட்டினால் தானே மேலே மடங்கிக்கொள்ளும். துறைமுகம் வேண்டாம், மணல் இருந்தால் போதும் என்று நினைத்துச் செய்த படகு. உலகம் முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. மரம் மாறி, வடிவம் மாறி, ஊரும் மாறிவிட்டது. தீர்க்க வேண்டியிருந்த கணக்கு மட்டும் சோழமண்டலத்துக் கணக்கேதான்.

கயிற்றை விடாமல் பிடித்துக்கொண்டவர் இங்கிலாந்துக்காரர் ஜேம்ஸ் வாரம். 1950-களின் நடுவில் தானே கட்டிய ‘டங்கரோவா’ என்ற, 24 அடிகூட இல்லாத இரட்டைப் படகில் இரண்டு ஜெர்மன் பெண்களோடு புறப்பட்டு, அட்லாண்டிக்கைக் கடந்து டிரினிடாட் போய்ச் சேர்ந்தார். பிறகு வீட்டிலேயே கட்டிக்கொள்ளும்படி வரைபடம் போட்டு விற்றார். அவருடைய ‘டிக்கி 21’ போன்ற சின்னப் படகுகளில் உடல்களையும் குறுக்குச் சட்டங்களையும் இணைப்பது போல்ட் அல்ல, கயிறு. அலை முறுக்கும்போது கட்டு கொஞ்சம் இளகிக் கொடுக்கும். விறைத்து நிற்கும் இரும்புதான் விரிசல் விடும். இதை நம் கரையில் எந்த மீனவரிடம் சொன்னாலும், இதிலென்ன புதுசு என்பார். அந்த டிக்கி 21 ஒன்றில் 1990-களில் ரோரி மக்டூகல் என்பவர் உலகத்தையே சுற்றி வந்தார்.

இன்று வெளிநாட்டுக் கடற்கரைகளில் இந்தச் சின்னப் படகுகளை வைத்துக்கொண்டு மூன்று நாள், ஐந்து நாள் என்று கரையோரமாகவே போய்க் கூடாரம் அடித்துத் தங்குகிறவர்கள் உண்டு. ஒரு நாள் எப்படிப் போகும் என்று பார்த்தால் போதும். உடுப்பு, அரிசி, அடுப்பு எல்லாம் தண்ணீர் புகாத பைகளில். பைகள் வலைத்தளத்தில், பாய்மரத்தை ஒட்டி நடுவில் கட்டப்பட்டிருக்கும். முன்னால் கனம் ஏறினால் அணியம் அலைக்குள் செருகிப் படகு குப்புறக் கவிழும். பின்னால் ஏறினால் வேகம் செத்துவிடும். எனவே மூட்டை கட்டுவதே பாதிப் பயணம். தண்ணீர் கேனைவிட முக்கியமான சாமான் இல்லை, அதைவிடக் கனமானதும் இல்லை. காலையில் கரைக்காற்று இருக்கும்போதே கிளம்பிவிடுவார்கள். மதியம் கடற்காற்று எழும்பி அலை ஏறுவதற்குள் இறங்கும் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். விடியுமுன் கரைக்காற்றில் வெளியே போய் மதியக் கடற்காற்றில் திரும்பும் கட்டுமரத்தின் நேரக்கணக்கும் இதுதான்.

இறங்குவதுதான் சோதனை. அலை உடையும் கோட்டுக்கு வெளியே சற்று நின்று எண்ண வேண்டும். பெரிய அலைகள் சேர்ந்து வந்து போனபின் ஒரு தணிவு வரும். அந்தத் தணிவில் நேராக விட வேண்டும். படகு குறுக்கே திரும்பினால் அலை உருட்டிவிடும். மணல் தட்டியதும் படகில் இருக்கும் இரண்டு பேரும் குதித்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பருத்த டயர் வண்டியில் ஏற்றி, ஈர மணலின் கோட்டைத் தாண்டி மேலே இழுக்க வேண்டும். இரவில் கடல் ஏறும் என்பதை மறந்தவர்களின் படகு காலையில் இருக்காது. வலைத்தளத்தின் மேலேயே கூடாரம் போட்டுத் தூங்குகிறவர்களும் உண்டு. மணல் ஒட்டாது, நண்டு வராது.

நம் கரையிலோ கட்டுமர வாழ்க்கையின் பிற்பகுதி வேகமாக முடிந்தது. பெருமரம் அரிதாகி விலை ஏறியது. 1980-களில் கன்னியாகுமரி மாவட்டம் முட்டத்தில் பியர் கில்லெட் என்பவரும் வேறு சிலரும் மீனவர்களோடு சேர்ந்து, கரையேறும் பிளைவுட் படகுகளைக் கட்டிப் பழக்கினார்கள். பிறகு வெளிப்பக்க மோட்டார். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கரையில் கிடந்த மரங்களெல்லாம் சிதற, நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். மரக் கட்டுமரத்தில் போய்க்கொண்டிருந்த பலர் திரும்ப மரத்துக்கு வரவில்லை. அதைக் குறையாகச் சொல்ல எனக்கு நியாயம் இல்லை. நாள் முழுக்க இடுப்பளவு நனைந்தபடி துடுப்புப் போடுவதில் அழகு பார்க்கிறவன் கரையில் இருப்பவன்தான். இப்போது தெர்மாகோல் கட்டிகளைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றிக் கட்டிக்கொண்டு போகிறவர்களையும் பார்க்கலாம். கனமில்லாத எதையும் கயிற்றால் கட்டிக் கடலில் இறக்குவது என்ற பழைய யோசனை அங்கேதான் உயிரோடிருக்கிறது. மலைவேம்பை இன்று நம் சமவெளிகளில் தோப்பாகவே வைக்கிறார்கள். அது போகுமிடம் பிளைவுட் ஆலை.

பாய்ப்படகில் பல நாள் பயணம் நம் கரையில் இல்லாமல் போய்விடவும் இல்லை. புதுச்சேரியில் தேசிய மாணவர் படையின் கடற்பிரிவு மாணவர்கள் காரைக்கால் வரை பாய் விரித்துப் போய், வழியில் கரை ஊர்களில் தங்கித் திரும்புகிறார்கள். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் போகிறார்கள் என்றால் மற்றவர்களும் போகலாம். எங்கள் சின்னாளப்பட்டியிலிருந்தும் போகலாம். என் தீர்ப்பு, ஃபைபர் படகு வாங்கி நாலு கேமராவோடு கிளம்புவதற்கு முன் கட்டுமரம் ஓட்டிய கை ஒன்றிடம் ஒரு பருவமாவது பாடம் கேட்க வேண்டும் என்பது. வாடை எப்போது திரும்பும், கச்சான் எந்த நேரத்தில் மூர்க்கமாகும், எந்த மணலில் அலை இரட்டையாக உடையும் என்பதெல்லாம் கைபேசிச் செயலியில் இல்லை. கேட்டதற்குக் கூலியும் கொடுங்கள்; அது அவருடைய தொழிலறிவு.

ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கரைப் பக்கமே போக வேண்டாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அவற்றில் கால் வைக்கக் கூடாது, கூடாரம் அடிப்பதைப் பற்றிப் பேச்சே இல்லை. கோடியக்கரைக்குத் தெற்கே பாக் நீரிணையில் இலங்கை எல்லை பக்கத்திலேயே இருக்கிறது, காற்று தள்ளினால் தெரியாமலே தாண்டிவிடுவீர்கள். ஊர்க்கரையில் இறங்கினால் முதலில் அந்த ஊர்ப் பஞ்சாயத்தாரிடம் சொல்லுங்கள். வலை காயும் இடத்தில் கூடாரம் போடாதீர்கள். தமிழ்நாடு கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் கட்டணமில்லா எண் 1093. கைபேசியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.