அழுத குழந்தையும் அரசுத் தொட்டிலும்

 



ஏழை எளியோருக்கு உதவுவது ஆட்சியாளரின் கடமை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், அந்த உதவியுடன் சேர்த்து விதிக்கப்படும் நிபந்தனை மக்களின் வீடுகளுக்குள் சென்று என்ன செய்கிறது என்பதைக் கவனிப்போர் மிகக் குறைவு. இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு ஓர் ஒப்பற்ற படிப்பினை இருக்கிறது.

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்கள் பைத்துல்மாலிலிருந்து மக்களுக்கு உதவித்தொகை வழங்க ஏற்பாடு செய்தார்கள். குழந்தைகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் தாய்ப்பால் மறந்த குழந்தைக்கே அது கிடைக்கும் என்பது விதி. ஒருமுறை வணிகக் கூட்டமொன்று மதீனாவுக்கு வந்து தங்கியது. கலீஃபா அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் இரவில் அதற்குக் காவல் நின்றார்கள். அப்போது ஒரு குழந்தை ஓயாமல் அழுதது. உமர் (ரலி) அவர்கள் தாயிடம் சென்று குழந்தையைக் கவனிக்கும்படி பலமுறை கூறியும் அழுகை நிற்கவில்லை. காரணம் கேட்டபோது, பால்குடியை நிறுத்தப் பழக்குவதாக அந்தப் பெண்மணி சொன்னார். பால் மறந்த பிள்ளைக்குத்தானே உமர் பணம் தருகிறார் என்றும் சொன்னார். பேசிக்கொண்டிருப்பது யாரிடம் என்பது அவருக்குத் தெரியாது.

அன்றைய ஃபஜ்ர் தொழுகையில் கலீஃபாவின் ஓதல், அழுகையின் மிகுதியால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தம்முடைய விதியால் எத்தனை குழந்தைகள் மாண்டனவோ என்று அவர்கள் கலங்கினார்கள். அவசரப்பட்டுப் பால் மறக்கச் செய்ய வேண்டாம் என்றும், இனி பிறந்தவுடனேயே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித்தொகை உண்டு என்றும் அறிவிக்கச் செய்தார்கள். மற்றப் பகுதிகளுக்கும் அவ்வாறே எழுதினார்கள். இப்னு ஸஅத் போன்ற வரலாற்றாசிரியர்கள் இதனைப் பதிவு செய்துள்ளனர்.

அதே காலத்தில் அபூ ஜமீலா என்பவர், கைவிடப்பட்ட குழந்தை ஒன்றைக் கண்டெடுத்துக் கலீஃபாவிடம் கொண்டுவந்தார். குழந்தை சுதந்திரமானது என்றும், அதனை வளர்க்கும் பொறுப்பு அவருக்குரியது என்றும், செலவு அரசைச் சார்ந்தது என்றும் தீர்ப்பளிக்கப்பட்டது. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

நம் பள்ளத்தாக்கின் கதை

சகோதரர்களே! இந்த இரு நிகழ்ச்சிகளையும் மனத்தில் வைத்துக்கொண்டு நம் தேனி மாவட்டத்தைப் பாருங்கள். 1895 இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்ட பின் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் வயல்கள் செழித்தன. 1959 இல் ஆண்டிபட்டிக்கு அருகே வைகை அணை எழுந்தது. நீர் வந்தது, நெல்லும் பணப்பயிரும் வந்தன. ஆனால், பெண்ணுக்குப் பரிசம் கொடுத்து மணமுடித்த குடும்பங்களிலும், கையில் பணம் புழங்கத் தொடங்கிய பின்னர் மாப்பிள்ளைக்கு வரதட்சணை கொடுக்கும் வழக்கம் பரவியதை ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். 1961 இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தும் அது நிற்கவில்லை.

அதன் விளைவை 1986 இல் நாடே அறிந்தது. அண்டையிலுள்ள உசிலம்பட்டி வட்டாரத்தில் பெண் சிசுக்கள் கொல்லப்படுவதை ‘இந்தியா டுடே’ இதழ் வெளிக்கொணர்ந்தது. அறியாமைக் காலத்து அரபியர் செய்த அதே கொடுமை, பள்ளிக்கூடமும் பேருந்தும் மின்விளக்கும் வந்துவிட்ட நம் காலத்திலும் நடந்தது. உயிருடன் புதைக்கப்பட்ட பெண் குழந்தை, தான் எந்தக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டாள் என்று மறுமையில் விசாரிக்கப்படுவாள் எனத் திருக்குர்ஆன் (81:8,9) எச்சரிப்பதை நாம் அறிவோம்.

தொட்டிலும் வைப்புத்தொகையும்

தமிழக அரசு 1992 இல் இரு திட்டங்களைத் தொடங்கியது. ஒன்று, சேலத்தில் தொடங்கப்பட்ட தொட்டில் குழந்தைத் திட்டம். வளர்க்க விரும்பாத பெற்றோர், குழந்தையைக் கொல்லாமல் அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்லலாம். 2001 இல் அது மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி ஆகிய மாவட்டங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. மாநிலம் முழுவதும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் இதனால் உயிர் பிழைத்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பெண் பிள்ளையைக் கைவிடுவதற்கு அரசே வழிகாட்டுகிறது என்று பெண்கள் அமைப்புகள் குறை கூறின. இரண்டிலும் உண்மை உண்டு. தொட்டில் உயிரைக் காத்தது. ஆனால் மகளைப் பாரமாக நினைத்த மனத்தை அதனால் மாற்ற முடியவில்லை.

மற்றொன்று, பெண் குழந்தையின் பெயரில் அரசு பணம் வைப்பீடு செய்யும் பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டம். ஆனால் ஆண் குழந்தை இருக்கக் கூடாது. ஒன்று அல்லது இரண்டு பெண்களோடு பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்திருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். சற்றுச் சிந்தியுங்கள். அதிக ஆபத்தில் இருந்தவள் மூன்றாவதாகவோ நான்காவதாகவோ பிறந்த மகள். அவளுக்கு இதில் பங்கில்லை. பால் மறந்த பிள்ளைக்கே பணம் என்ற விதி, பால் மறக்காத பிள்ளையை அழவைத்தது போன்றதே இதுவும்.

நிபந்தனை நன்மை செய்ததும் உண்டு. 1989 இல் தொடங்கிய மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் நினைவுத் திருமண உதவித் திட்டம், மணப்பெண் குறிப்பிட்ட வகுப்புவரை படித்திருக்க வேண்டும் என்றது. அதனால் மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தாமல் இருக்க ஏழைத் தந்தைக்கு ஒரு காரணம் கிடைத்தது. ஆயினும் அந்த உதவி திருமணத்தையே சுற்றி நின்றது. 2022 இல் அது ‘புதுமைப் பெண்’ திட்டமாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்த மாணவியர் உயர்கல்வி பயில மாதம் 1000 ரூபாய் வழங்கப்படலாயிற்று. தாலிக்குத் தங்கம் தருவதை விட்டுக் கல்விக்கு வழி செய்தது நல்ல திருத்தம்.

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேனி மாவட்டத்தில் ஆறு வயது வரையுள்ள 1000 ஆண் குழந்தைகளுக்கு 900-க்கும் குறைவான பெண் குழந்தைகளே இருந்தனர். 2011 இல் அது 930-ஐத் தாண்டியது. அல்ஹம்து லில்லாஹ்! எனினும், ஆயிரத்திற்கு எத்தனை பேர் இன்னும் குறைகிறார்கள் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் வீட்டு வாசலில்

இதையெல்லாம் பிறருடைய கதையாக நாம் படித்துவிட்டுப் போக முடியாது. அந்தக் கொடுமைக்கு வேராக இருந்த கைக்கூலி நம் மஹல்லாக்களிலும் இருக்கிறது. மஹர் கொடுத்து மணமுடியுங்கள் என்று மார்க்கம் ஆணையிட, சிறு தொகையை மஹராக நிக்காஹ் ஏட்டில் எழுதிவிட்டு, எந்த ஏட்டிலும் எழுதப்படாத நகையையும் ரொக்கத்தையும் வாங்கிக்கொள்ளும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? பெண் பிறந்த செய்தி கேட்டுத் தந்தையின் முகம் கறுப்பதைத் திருக்குர்ஆன் (16:58) கண்டிக்கிறது. அந்த முகத்தைக் கறுக்க வைப்பதில் நமக்கும் பங்கிருந்தால் நாளை என்ன பதில் சொல்வோம்?

நம் முன்னோர் அரசை மட்டும் எதிர்பார்த்திருக்கவில்லை. உத்தமபாளையத்தில் 1956 இல் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி எழுந்தது. எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். அந்தப் பரந்த உள்ளம் இன்றும் தேவை. கைக்கூலி வாங்கும் திருமணத்திற்கு ஜமாஅத் நிக்காஹ் ஏட்டைத் தருவதில்லை என்று ஒவ்வொரு மஹல்லாவும் தீர்மானிக்கட்டும். ஏழை மாணவியின் கல்லூரிச் செலவை ஜகாத், ஸதகா நிதியிலிருந்து ஏற்கட்டும். அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கத் தெரியாத தாய்மாருக்குப் படித்த இளைஞர்கள் எழுதிக் கொடுக்கட்டும். எந்த விதியால் எந்த ஏழை விடுபடுகிறாள் என்பதை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்வதும் நம் கடமையே.

உமர் (ரலி) அவர்கள் தம் விதியைத் திருத்த ஆண்டுக்கணக்கில் காத்திருக்கவில்லை. அழுகுரல் கேட்ட இரவு விடிந்ததும் திருத்தினார்கள். நம் தெருவில் எழும் அழுகுரலைக் கேட்கும் செவியையும், கேட்டபின் திருந்தும் உள்ளத்தையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.